மலையிலிருந்து கீழே குடியேறுகிறீர்களா? ஏ.சி. கம்ப்ரசரை இப்படித் தேர்ந்தெடுங்கள்

கோத்தகிரியில் எங்கள் வீட்டில் மின்விசிறியே கிடையாது. ஹீட்டரும் கீஸரும் வாங்கிப் பழகிய குடும்பம். அப்பாவுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும், உயரம் குறைந்த இடத்தில் இருப்பது நல்லது என்று டாக்டர் சொன்னார். மேட்டுப்பாளையத்தில் மாடி வீடு ஒன்று பார்த்தோம். மலைப்பாதையில் 33 கிலோமீட்டர்தான். ஆனால் கிட்டத்தட்ட 1,800 மீட்டர் உயரத்திலிருந்து 330 மீட்டருக்கு இறங்குகிறோம். முதல் ஏப்ரலில் அப்பா ஈரத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு இரவெல்லாம் உட்கார்ந்திருந்தார். அவசர அவசரமாக ஒரு ஏ.சி. வாங்கினோம். பிற்பகல் இரண்டு மணி ஆனால் கம்ப்ரசர் (குளிரூட்டும் வாயுவை அழுத்திச் சுற்றவைக்கும் எந்திரம்) நின்றுவிடும், பதினைந்து நிமிடம் கழித்து ஓடும், மறுபடி நிற்கும். ‘கேஸ் குறைவு’ என்று சொல்லி மூன்று முறை நிரப்பினார்கள், மூன்று முறையும் பணம் வாங்கினார்கள். அடுத்த வருடம் அதைக் கொடுத்துவிட்டு வேறு வாங்கினோம்.

இரண்டாவது முறை வாங்குவதற்கு முன்னால் மூன்று மாதம் விசாரித்தேன். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். குன்னூரிலிருந்து காரமடைக்குப் போகிறவர்களுக்கும், கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டுக்கோ பெரியகுளத்துக்கோ இறங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

1. முதலில் அறையை அளந்துகொள்ளுங்கள்

கடைக்குப் போனதும் ‘எந்தக் கம்ப்ரசர் நல்லது?’ என்று கேட்காதீர்கள். நான் அப்படித்தான் கேட்டேன். அறையின் அளவு தெரியாமல் அதற்குப் பதிலே கிடையாது. ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள்: நீளம், அகலம், உயரம், மேலே மொட்டை மாடியா, இன்னொரு வீடா, மேற்குச் சுவர் வெயிலில் நிற்கிறதா, ஜன்னல் எத்தனை, பகலில் ஓடுமா, இரவில் மட்டுமா.

பொதுவாக 120 சதுர அடி வரை 1 டன், 150, 160 சதுர அடிக்கு 1.5 டன் என்பார்கள். மேலே வேறு வீடு இருந்தால் இந்தக் கணக்கு சரி. மொட்டை மாடிக்குக் கீழே உள்ள அறை என்றால் அடுத்த அளவுக்குப் போய்விடுங்கள். எங்கள் அறை 140 சதுர அடி, மேலே வெறும் கான்கிரீட், மேற்கே சுவர். அதற்கு 1 டன் வாங்கியதுதான் முதல் தவறு.

‘டன்’ என்ற சொல்லையும் அப்படியே நம்ப வேண்டாம். 1 டன் என்றால் 3,517 வாட் குளிர்த்திறன். அந்தக் கணக்கில் 1.5 டன் என்பது 5,275 வாட் இருக்க வேண்டும். கடையில் 1.5 டன் என்று வைத்திருப்பதில் 4,700 வாட் உள்ளதும் உண்டு, 5,200 வாட் உள்ளதும் உண்டு. விலை ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். ஸ்டார் லேபிளில் வாட் கணக்கு அச்சிட்டிருக்கும். அதைப் பாருங்கள்.

2. கம்ப்ரசர் வகைகள்: உங்கள் முன்னால் இருப்பது இரண்டே கேள்வி

இணையத்தில் தேடினால் நான்கைந்து பெயர் வரும். குழம்ப வேண்டாம்.

பிஸ்டன் வகை பழைய ஜன்னல் ஏ.சி.களிலும் வீட்டு ஃபிரிட்ஜிலும் இருப்பது. புது ஸ்பிளிட் ஏ.சி.யில் இதைப் பார்ப்பது அரிது. ஸ்க்ரோல் என்பது இரண்டு சுருள்கள் ஒன்றுக்குள் ஒன்று சுற்றி வாயுவை அழுத்துவது. நல்ல வகைதான், ஆனால் மண்டபம், பெரிய கடை, அலுவலகம் போன்ற இடங்களின் பெரிய எந்திரங்களில்தான் அதிகம் வரும். படுக்கையறைக்கு வாங்குகிற 1, 1.5, 2 டன் ஸ்பிளிட்டில் பெரும்பாலும் ரோட்டரிதான், அதாவது உருளை சுழன்று வாயுவை அழுத்தும் வகை. எனவே ஸ்க்ரோல் வேண்டும் என்று கடைக்காரரிடம் பிடிவாதம் பிடிப்பதில் பயனில்லை.

உங்களுக்கு மிச்சம் இருக்கும் கேள்விகள் இரண்டு. ரோட்டரி ஒற்றையா, இரட்டையா? வேகம் மாறாததா, வேகத்தைத் தானே மாற்றிக்கொள்ளும் இன்வெர்ட்டரா?

இரட்டை ரோட்டரியில் இரண்டு உருளைகள் ஒரே அச்சில் எதிரெதிர்ப் பக்கமாக அமைந்து சுழலும். ஒன்றின் ஆட்டத்தை மற்றது சமன் செய்வதால் அதிர்வு குறையும், மெதுவான வேகத்திலும் சீராக ஓடும். படுக்கையறைச் சுவரிலேயே அவுட்டோர் யூனிட்டை (கம்ப்ரசர் உள்ள வெளிப் பெட்டி) மாட்டப் போகிறீர்கள் என்றால் இந்த வித்தியாசம் காதுக்குத் தெரியும். ‘டூயல் இன்வெர்ட்டர்’ என்ற விளம்பரப் பெயருக்குப் பின்னால் இருப்பது பெரும்பாலும் இந்த இரட்டை ரோட்டரிதான். பெயர்களைவிட, ‘ட்வின் ரோட்டரியா?’ என்று நேராகக் கேட்டு, மாடலின் விவரத்தாளில் காட்டச் சொல்லுங்கள்.

3. இன்வெர்ட்டரா, சாதாரணமா?

சாதாரணக் கம்ப்ரசருக்கு ஒரே வேகம்தான். அறை குளிர்ந்ததும் நிற்கும், சூடானதும் முழு வேகத்தில் கிளம்பும். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஓடும் மின்னோட்டத்தைப் போலப் பல மடங்கு இழுக்கும். மாலை நேரத்தில் வோல்டேஜ் இறங்கும் தெருவில் இதுவே பெரிய தொல்லை. இன்வெர்ட்டர் மெல்லக் கிளம்பும், அறை குளிர்ந்த பிறகு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓடிக்கொண்டே இருக்கும்.

மின்சாரம் மிச்சமாகும் என்பதை எல்லோரும் சொல்வார்கள். வெயில் ஊருக்கு இதைவிட முக்கியமான இன்னொரு காரணம் உண்டு, எனக்கு அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. வெளியே சூடு ஏற ஏற எந்த ஏ.சி.யின் குளிர்த்திறனும் குறையும். சாதாரணக் கம்ப்ரசரால் அந்தக் குறைவை ஈடுகட்ட முடியாது, ஏனென்றால் அதற்கு அடுத்த வேகம் இல்லை. இன்வெர்ட்டரில் பல மாடல்கள் தேவைப்பட்டால் வழக்கமான வேகத்துக்கு மேலும் சுழலும். விவரத்தாளில் குளிர்த்திறனுக்குக் குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டு எண்கள் கொடுத்திருப்பார்கள். அந்த அதிகபட்ச எண்ணைப் பாருங்கள். 5,000 வாட் எந்திரம் 5,600, 5,800 வரை தள்ளுமானால் ஏப்ரல் மதியத்தைச் சமாளிக்கும்.

ஆனால் ஒன்று. அறைக்குச் சிறியதாக இன்வெர்ட்டர் வாங்கினால் அது நாள் முழுதும் உச்ச வேகத்திலேயே ஓடும். வேகத்தைக் குறைக்கச் சந்தர்ப்பமே கிடைக்காது. மிச்சம் என்று சொன்னதெல்லாம் போய்விடும். முதல் படியில் அறை அளவைப் பற்றி அவ்வளவு சொன்னது இதனால்தான்.

சாதாரணக் கம்ப்ரசர் யாருக்குப் பொருந்தும்? மாதம் இரண்டு முறை கீழே வந்து தங்கிப் போகிறவர்களுக்கு, தினமும் ஒரு மணி நேரம் மட்டும் ஓடும் அறைக்கு. அதன் மின்னணுப் பலகை எளிமையானது, பழுதுச் செலவும் குறைவு. தினமும் இரவு எட்டு மணி நேரம் ஓடப்போகிறது என்றால் இன்வெர்ட்டரே சரி.

4. லேபிளில் 35 டிகிரி, உங்கள் மாடியில் 46 டிகிரி

இந்தப் படியைத் தயவுசெய்து அவசரமில்லாமல் படியுங்கள். நாங்கள் பணம் இழந்தது இங்கேதான்.

இந்தியாவில் ஏ.சி.யின் குளிர்த்திறனை வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்ற நிலையில் சோதித்து எழுதுகிறார்கள். இது டி1 நிலை. கடும் வெயில் நாடுகளுக்கென்று டி3 என்ற நிலை உண்டு, அதில் வெளியே 46 டிகிரி. மேட்டுப்பாளையத்தில் 46 டிகிரி எங்கே வருகிறது என்று கேட்பீர்கள். ஊரின் வெப்பநிலை 38 ஆக இருக்கலாம். அவுட்டோர் யூனிட் இழுக்கிற காற்றின் வெப்பநிலை அதுவல்ல. காய்ந்த மேற்குச் சுவர், கீழே கொதிக்கும் மொட்டைத் தளம், தான் வெளியே ஊதிய சூடான காற்றையே திரும்ப இழுப்பது எல்லாம் சேர்ந்தால் 46ஐ எளிதாகத் தொட்டுவிடும். எங்கள் பழைய எந்திரத்தைக் கடைசியாகப் பார்க்க வந்த மெக்கானிக் பின்பக்கம் தெர்மாமீட்டரை வைத்தார். 51 காட்டியது. கேஸ் குறையவே இல்லை. சூடு தாங்காமல் கம்ப்ரசரின் பாதுகாப்பு ஸ்விட்ச் அதை நிறுத்திக்கொண்டிருந்தது.

கடையில் கேட்க வேண்டியவை:

‘46 டிகிரியில் இதன் குளிர்த்திறன் எத்தனை வாட்?’ விற்பனையாளருக்குத் தெரியாமல் இருக்கலாம். மாடல் எண்ணை வாங்கிக்கொண்டு, நிறுவனத்தின் விவரத்தாளில் பாருங்கள், இல்லையென்றால் வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்து கேளுங்கள். எண்ணைச் சொல்ல முடிந்த நிறுவனத்தின் மாடலையே நான் எடுத்தேன்.

‘52 டிகிரி வரை ஓடும்’ என்று பெட்டியில் பெரிதாக எழுதியிருப்பார்கள். 52 டிகிரியிலும் நிற்காமல் ஓடும் என்பதுதான் அதன் பொருள். 52 டிகிரியிலும் முழுக் குளிர் தரும் என்று அதில் சொல்லவில்லை. இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அப்புறம், வெளி யூனிட்டில் சூட்டை வெளியேற்றும் குழாய்ச் சுருள் செம்பா என்று பாருங்கள். செம்பில் கசிவு வந்தால் நம் ஊர் மெக்கானிக்கே பற்றவைத்துவிடுவார். அலுமினியச் சுருள் என்றால் பெரும்பாலும் முழுச் சுருளையும் மாற்றச் சொல்வார்கள்.

குளிரூட்டும் வாயு எது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். புது ஏ.சி.களில் ஆர்32 அதிகம். கோயம்புத்தூரில் பழைய ஏ.சி. மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது அழைத்தால், அது ஆர்22 வாயு உள்ளதா என்று பாருங்கள். அந்த வாயுவின் பயன்பாடு படிப்படியாக ஒழிக்கப்பட்டு வருகிறது. கம்ப்ரசரும் வயதானது. வாங்க வேண்டாம்.

5. மூன்று ஸ்டாரா, ஐந்து ஸ்டாரா? ஒரு கணக்கு

ஸ்டார் அளவுகோலைச் சில வருடங்களுக்கு ஒருமுறை இறுக்குகிறார்கள். பழைய வருடத்து ஐந்து ஸ்டார் புது வருடத்தில் நான்காகிவிடலாம். எனவே ஸ்டாரை எண்ணாமல், லேபிளில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணையும் (செலவாகும் மின்சாரத்துக்கு எவ்வளவு குளிர் தருகிறது என்ற கணக்கு, கூடினால் நல்லது) வருட யூனிட்டையும் ஒப்பிடுங்கள். அந்த வருட யூனிட் 1,600 மணி நேரத்துக்கான கணக்கு. அதாவது நாளுக்கு எட்டு மணி என்றால் 200 நாள்.

நான் பார்த்த இரண்டு 1.5 டன் இன்வெர்ட்டர்களில் ஐந்து ஸ்டாருக்கு ஏறக்குறைய 760 யூனிட், மூன்று ஸ்டாருக்கு 980. வித்தியாசம் 220. மேட்டுப்பாளையத்தில் நமக்கு ஏ.சி. தேவைப்படுவது பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை, சுமார் 100 இரவு. அப்படியென்றால் வித்தியாசம் பாதி, 110 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் வைத்தாலும் வருடத்துக்கு 880 ரூபாய்தான். விலையில் வித்தியாசம் 7,000 ரூபாய். அந்தப் பணத்தைத் திரும்ப எடுக்க எட்டு வருடம் ஆகும். எனவே மூன்று ஸ்டார் இன்வெர்ட்டரை எடுத்து, மிச்சப் பணத்தில் மொட்டை மாடிக்கு வெள்ளை வெப்பத்தடுப்புப் பூச்சு அடித்தோம். படுக்கையறைக்கு அது செய்த நன்மையை அப்பாவே சொல்கிறார்.

பகலிலும் ஓடுகிற வீடு, வருடம் முழுக்க ஓடுகிற கடை என்றால் இந்தக் கணக்கு தலைகீழாகிவிடும். அங்கே ஐந்து ஸ்டார் சீக்கிரம் பணத்தைத் திருப்பித் தரும்.

ஈ.பி. பில்லில் ஒரு பொறி உண்டு. இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டும் விலை கூடுவதில்லை. கீழ்ப் படியில் இருந்த சலுகை விலையும் போய்விடும். உங்கள் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள். இரவு எட்டு மணி நேர ஏ.சி. இரண்டு மாதத்தில் 250 முதல் 350 யூனிட் கூட்டும். நீங்கள் 500க்குப் பக்கத்தில் இருந்தால் ஐந்து ஸ்டார் வாங்குவதற்கு ஒரு காரணம் கிடைக்கிறது.

6. வயரிங்கை முன்கூட்டியே முடியுங்கள்

ஏ.சி. வந்து இறங்கிய பிறகு எலக்ட்ரீஷியனைத் தேடினால், பொருத்த வந்தவர் திரும்பிப் போய்விடுவார். மறுபடி அவர் வர ஏப்ரலில் எங்களுக்குப் பத்து நாள் ஆனது.

மெயின் போர்டிலிருந்து ஏ.சி.க்குத் தனி லைன் இழுங்கள். எங்கள் வீட்டில் 4 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர், 20 ஆம்பியர் எம்.சி.பி. (மின்னோட்டம் அளவு மீறினால் தானே அணையும் ஸ்விட்ச்) போட்டோம். எர்த்து சரியாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள். வயர், எம்.சி.பி., கூலி சேர்த்து எங்களுக்கு 4,500 ரூபாய் ஆனது. வீட்டில் ஏற்கனவே கீஸர், மோட்டார் எல்லாம் இருந்தால், ஈ.பி. இணைப்பில் அனுமதித்த லோடு எவ்வளவு என்று பார்த்து, போதாவிட்டால் கூடுதல் லோடுக்கு விண்ணப்பியுங்கள். வாடகை வீடு என்றால் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருக்கும், அவர் கையெழுத்து வேண்டும். சுவரில் துளை போடுவதற்கும் சேர்த்து ஒரே கடிதமாக எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஸ்டெபிலைசர் தேவையா? இன்வெர்ட்டர் பலவற்றில் தேவையில்லை என்று எழுதியிருக்கும். எந்த வோல்டேஜிலிருந்து எந்த வோல்டேஜ் வரை என்பதையும் அங்கேயே குறிப்பிட்டிருப்பார்கள். உங்கள் தெருவில் இரவு ஒன்பது மணிக்கு வோல்டேஜை அளந்து பாருங்கள். அந்த எல்லைக்குள் இருந்தால் தேவையில்லை.

7. அவுட்டோர் யூனிட்டுக்குக் காற்று வேண்டும்

மலையில் நாம் எல்லாவற்றையும் மூடி வைத்துப் பழகியவர்கள். குரங்கு, மழை, பனி என்று எதற்கும் ஒரு தகர மறைப்பு போட்டுவிடுவோம். முதல் ஏ.சி.யை மூன்று பக்கமும் சுவர் உள்ள துவைக்கும் இடத்தில் வைத்து, குரங்குக்குப் பயந்து முன்னாலும் தகரம் அடித்தோம். 51 டிகிரி வந்தது அதனால்தான்.

இருப்பதில் வடக்குச் சுவர் நல்லது, அடுத்தது கிழக்கு. பின்னால் ஒரு அடி, முன்னால் குறைந்தது மூன்று அடி திறந்த வெளி விடுங்கள். குரங்குத் தொல்லை இருந்தால் அகலக் கண்ணிக் கம்பி வலை போடலாம், காற்று போகும். மேலே ஒரு சிறு நிழல் தட்டு போதும், அதுவும் ஒரு அடி உயரத்தில் தள்ளி இருக்கட்டும். உள் யூனிட்டுக்கும் வெளி யூனிட்டுக்கும் நடுவே குழாய் 3 மீட்டருக்குள் முடிந்தால் கூடுதல் செலவு இல்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் எங்களிடம் 900 ரூபாய் வாங்கினார்கள். அதற்காக மேற்குச் சுவரிலேயே மாட்டிவிடாதீர்கள். இரண்டு மீட்டர் குழாய் கூடுதலாகப் போட்டு நிழலுக்குக் கொண்டுபோவது லாபம்.

8. பில்லும் வாரண்டியும்

வாங்கும்போது கையில் இருக்க வேண்டியவை: ஜி.எஸ்.டி. பில், அதில் உள் யூனிட், வெளி யூனிட் இரண்டின் வரிசை எண்ணும் தனித்தனியாக, வாரண்டி அட்டை, ஸ்டார் லேபிளின் போட்டோ. தவணையில் வாங்கினால் ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம் கேட்பார்கள். ‘வட்டி இல்லை’ என்றாலும் செயலாக்கக் கட்டணம் என்று ஒன்று இருக்கும், முன்பே கேளுங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் ஏ.சி.க்கு ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

ஊட்டியிலோ கோத்தகிரியிலோ தெரிந்த கடையில் வாங்கிக் கீழே கொண்டுபோகிறவர்கள் கவனிக்க. பொருத்தும் இடத்தின் பின்கோடில் வாரண்டியைப் பதியுங்கள். எங்களுடையதை 643217 என்று கோத்தகிரி முகவரியில் பதிந்துவிட்டார்கள். பழுது என்று போன் செய்தால் புகார் நீலகிரிக்குப் போகும், ஆள் மலை மேலே தேடுவார். 641301 என்று மாற்றவே இரண்டு வாரம் ஆனது.

‘கம்ப்ரசருக்குப் பத்து வருட வாரண்டி’ என்பது கம்ப்ரசர் என்ற பாகத்துக்கு மட்டும். கேஸ், கூலி, போக்குவரத்து அதில் சேராமல் போகலாம். இன்வெர்ட்டரில் அதிகம் போவது கம்ப்ரசர் அல்ல, மின்னணுப் பலகை. அதற்கு எத்தனை வருடம் என்று தனியாகக் கேட்டு, பதிலை எழுத்தில் பாருங்கள். ஐந்து வருடம் தருகிறவர்கள் இருக்கிறார்கள்.

9. பொருத்தும் நாளில் பக்கத்திலேயே நில்லுங்கள்

குழாயை இணைத்ததும் வேக்குவம் பம்ப் போட்டு உள்ளே இருக்கும் காற்றையும் ஈரத்தையும் எடுக்க வேண்டும். சீசன் நெரிசலில் பலர் இதைத் தவிர்த்துவிட்டு, கொஞ்சம் வாயுவைத் திறந்துவிட்டுக் காற்றை வெளியே தள்ளுவார்கள். உள்ளே தங்கும் ஈரம் நாளடைவில் கம்ப்ரசரைக் கெடுக்கும். ‘பம்ப் கொண்டு வந்திருக்கிறீர்களா?’ என்று வாசலிலேயே கேளுங்கள். குறைந்தது இருபது நிமிடம், அரை மணி நேரம் அது ஓட வேண்டும்.

பிறகு ஏ.சி.யை முழு வேகத்தில் கால் மணி நேரம் ஓடவிட்டு, அறைக் காற்றுக்கும் ஏ.சி. வாயில் வரும் காற்றுக்கும் வெப்பநிலை வித்தியாசம் பாருங்கள். பத்து டிகிரியை ஒட்டி இருந்தால் நல்லது. வயரைக் கவ்வி மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டரில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, வேலைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். பின்னால் யாராவது ‘கேஸ் குறைவு’ என்று சொன்னால் ஒப்பிட அந்த எண் இருக்கும். மூடிய குழாயில் வாயு தானாகக் குறையாது. குறைந்தால் கசிவு இருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்ப வந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

10. எப்போது வாங்குவது, எப்படி மூடி வைப்பது

டிசம்பரிலிருந்து பிப்ரவரி முதல் வாரத்துக்குள் வாங்கிப் பொருத்திவிடுங்கள். கடையில் பேசி வாங்க நேரம் இருக்கும், பொருத்த ஆள் இரண்டு நாளில் வருவார். ஏப்ரலில் எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்பார்கள், கையில் இருக்கிற மாடலை உங்கள் தலையில் கட்டிவிடுவார்கள்.

ரிமோட்டில் 18 வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று மலையிலிருந்து வருகிறவர்கள் நினைப்போம். நிற்காமல் ஓடி மின்சாரம் செலவாகும், அவ்வளவுதான். 26 வைத்து மின்விசிறியை மெதுவாக ஓடவிடுங்கள். அப்பா இப்போது 27ல் போர்வையோடு தூங்குகிறார்.

கோடை மழையின் இடி மின்னலுக்கும், வீட்டைப் பூட்டி மேலே போகும் நாட்களுக்கும் ஏ.சி.யின் எம்.சி.பி.யை இறக்கிவிடுங்கள். வெளி யூனிட்டின் மின்னணுப் பலகையில் பல்லியும் எறும்பும் புகுந்து ஷார்ட் ஆவது சமவெளியில் சாதாரணம். ஒயர் நுழையும் ஓட்டையை மெக்கானிக்கிடம் சொல்லி அடைத்துவிடுங்கள். பிப்ரவரியில் திரும்பப் போடும்போது, வடிகட்டியைக் கழுவிவிட்டு, வெளிச் சுருளில் சேர்ந்த தூசியைத் தண்ணீர் மெதுவாக அடித்து எடுத்துவிட்டு ஓடவிடுங்கள்.